ஏரி காத்திருந்த இருபது நிமிடம்

என் அன்பு மச்சான் தேவராஜுக்கு,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. வரி நேராகத்தான் கிளம்புகிறது, பாதி தாண்டியதும் மேலே ஏறிவிடுகிறது. மருமகள் ஹேமா பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். அப்படியும் எழுத்துகள் கோட்டின் மேல் உட்கார மாட்டேன் என்கின்றன. காலையில் தோசை சாப்பிட்டதும் ஆரம்பித்தேன். இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் உன் தங்கை சரோஜா மதியத்துக்கு அரிசி களைந்துவிட்டாள்.

ஆமாம் மச்சான், எழுதுவது நான்தான். ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த காலமெல்லாம் கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரலை உருட்டிய அதே கோவிந்தன். "மாப்ளே, மையில தேய்ச்சுத் தேய்ச்சே உன் விரல் பாதியாப் போச்சு" என்று கேலி செய்வாயே! இப்போது அந்த விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பேனா இருக்கிறது. வலிக்கிறது. சந்தோஷமான வலி.

உனக்கு ஒரு சேதி சொல்லத்தான் இத்தனை பாடு. இந்த மழைக்கு எங்கள் தெருவில் தண்ணீர் வந்தது. வந்தபோது தெருவில் ஒரு ஆள் இல்லை. ஒரு கோழிகூட இல்லை. எல்லோரும் பள்ளிக்கூடத்து மாடியில் நின்று வேடிக்கை பார்த்தோம்!

நீ மேலே ஏரியில் லஷ்கராக இருந்த நாளில் இது நடந்திருக்குமா? கேட்டை ஏற்றி இறக்குவது உன் வேலை. ஏற்றினால் தண்ணீர் எங்கே போகும் என்று உனக்குத் தெரியும், ஏனென்றால் அது உன் தங்கை வீட்டுக்குத்தான் போகும். ஆனால் ஏரி ஒரு ஆபீசுக்குச் சொந்தம், ஆறு வேறு ஆபீசுக்கு, தெரு இன்னொன்றுக்கு, பாலம் போலீசுக்கு. சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். கேட் தூக்கியது மூசி ஆற்றுக்குத் தெரியும், மூசிக் கரையில் இருக்கிற எங்களுக்குத் தெரியாது.

பழைய வெள்ளம் வந்த அந்த வருஷத்தை நினைக்காமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது. பொறுத்துக்கொள்.

அன்று மத்தியானம் உனக்கு ஆர்டர் வந்தது. மழையில் கரண்ட் போய்விட்டது. கீழே உள்ள ஆபீசுக்கு நீ போன் செய்து, "கேட் தூக்குறோம், கரையில இருக்கறவங்களுக்குச் சொல்லுங்க" என்றாய். அந்தப் பக்கத்தில் ஒருத்தர் "ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டார். பிறகு இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றினாய். போன் செய்ததை நோட்டில் எழுத உனக்கு மூன்றாவது கை இல்லை. கீழே யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் வீடு போயிற்று. பக்கத்து வீட்டு யாதம்மாவின் புருஷன், கட்டிலில் படுத்திருந்த மனுஷன், போய்விட்டார்.

விசாரணையில் போனே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். உன் நோட்டிலும் இல்லை, அவர்கள் நோட்டிலும் இல்லை. பழி முழுக்க உன் தலையில் விழுந்தது. அந்த வருஷம் நானும் உன்னிடம் ஒன்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "நிஜமாவே போன் பண்ணினியா மச்சான்?" நீ கையில் இருந்த டீயைக் குடித்து முடித்தாய், கிளாசைக் கழுவி வைத்தாய், கிளம்பினாய். அதற்குப் பிறகும் வந்தாய், சிரித்தாய், சாப்பிட்டாய். ஆனால் நான் அதைக் கேட்காதவனாக ஆக முடியவில்லை.

நீ கண்ணை மூடிய மறு வருஷம் வார்டு ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்தாள். இனிமேல் எல்லா ஆபீஸ்காரர்களும் ஒரே அறையில் உட்காரப் போகிறார்கள், ஏரி, ஆறு, தெரு, போலீஸ், கரண்ட் எல்லாம் ஒரே மேஜையில், என்றாள். கேட் தூக்குவதற்கு முன் போனில் எழுத்தாகச் செய்தி வரும், கரையில் உள்ள ஒவ்வொரு தெருவும் எழுத்தில் பதில் போட வேண்டும், அந்தப் பதில் எல்லா ஆபீசுக்கும் தெரியும் என்றாள். வாயால் சொன்னது கணக்கில் சேராதாம். மச்சான், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

தெருவுக்கு ஒரு ஆள் வேண்டும் என்றாள். இளசுகள் எல்லாம் காலையில் கம்பெனி வண்டி ஏறி கச்சிபௌலி போய்விடுகிறார்கள். பகலில் தெருவில் மிஞ்சுவது எங்களைப் போன்ற கிழடுகள். நான் கையைத் தூக்கினேன்.

"படிக்க வருமா சாச்சா?"

"வராது. ஆனா நாள் பூரா வீட்லதான் இருப்பேன்."

அவள் சிரித்தாள். சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். "கைநாட்டுக்குப் பதவி கேக்குதா?" என்றாள். உன் தங்கைக்கு உன் வாய்தான், மாறவே இல்லை.

செய்தி தெலுங்கில் வரும் என்பதால் கம்யூனிட்டி ஹாலில் சாயங்கால வகுப்பில் தெலுங்கு எழுத்து கற்றேன். ஒரு வருஷம் ஆயிற்று. பிறகு, ஒரு எழுத்து வந்த கைக்கு இன்னொன்று வராதா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஹேமாவிடம் தமிழ் கற்றேன். உனக்கு எழுதத்தான். வேறு யாருக்கு நான் தமிழில் எழுதப் போகிறேன்? பேரப்பிள்ளைகள் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்கிறார்கள்.

இப்போது இந்த வருஷ மழைக்கு வருகிறேன்.

மழை வருவதற்கு இரண்டு நாள் முன்பே முதல் செய்தி வந்தது. வானம் பளிச்சென்று இருந்தது. பெரிய மழை வரப்போகிறது, அதனால் இப்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுகிறோம் என்று எழுதியிருந்தது. எனக்கு உன் குரல் கேட்டது. "வயித்துல இடம் வச்சுக்கிட்டுதான் மாப்ளே விருந்துக்குப் போகணும். ஏரிக்கும் அதே ரூல்தான்" என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்! யார் கேட்டார்கள்? இப்போது கேட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. மத்தியானம் அடுத்த செய்தி. நான்கு கேட் தூக்கப் போகிறோம், கரையோர வீடுகளைக் காலி செய்யுங்கள், முடிந்ததும் பதில் போடுங்கள். நான் தெருமுனைக்கு ஓடி, நாம் ஒர்க்ஷாப்பிலிருந்து கொண்டுவந்து தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடித்தேன். ஜனங்கள் மூட்டையும் முடிச்சுமாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பார்த்தேன்.

யாதம்மா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"நீ போய்யா," என்றாள், அவளுடைய தெலுங்குத் தமிழில். "கேட்காரன் குடும்பத்தை நம்பி நான் ஒரு தடவை இழந்தது போதும்."

மச்சான், அவள் என்னிடம் நேராகப் பேசியதே எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றுதான். அப்போது போன் அடித்தது. கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு பொண்ணு.

"சாச்சா, எல்லாத் தெருவும் பதில் போட்டாச்சு. உங்க தெரு மட்டும் பாக்கி. காலி ஆச்சா இல்லையா?"

"ஒரு ஆள் பாக்கிம்மா."

"ஒருத்தர்தானே, வந்துடுவாங்க இல்ல? போட்டுடுங்களேன்."

"நக்கோ பேட்டி, வேணாம்மா. அந்த ஆளு எழுந்திரிக்காம நான் எழுத மாட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ யாரையோ கேட்கும் சத்தம் வந்தது. ஏரிக்காரரைக் கேட்கிறாள், அவர் பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறார் என்று புரிந்தது. நினைத்துப் பார் மச்சான், பக்கத்து நாற்காலியில்! பிறகு அவள் சொன்னாள்: "முன்னாடியே தண்ணி விட்டதால ஏரியில இடம் இருக்காம். இருபது நிமிஷம் தாங்கும். அதுக்கு மேல முடியாது சாச்சா. சீக்கிரம்."

நீ சொன்ன அந்த வயிற்று இடம்தான் எனக்கு இருபது நிமிடம் கொடுத்தது.

நான் படியில் யாதம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை. போனை எடுத்து எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன். போலீஸ், பாலம் மூடியாச்சு. கரண்ட், கரையோர சப்ளை நிறுத்தியாச்சு. பஸ், வேறு வழியில் திருப்பியாச்சு. மேல் தெரு, காலி. கோயில் தெரு, காலி. மசூதி சந்து, காலி. கடைசியில் எங்கள் தெருவின் பெயர். அதற்கு நேரே ஒன்றும் இல்லை.

"ஏன் நிறுத்திட்டே?" என்றாள்.

"இதுக்கு மேல எழுதலை. நான்தான் எழுதணும். நீ எழுந்தாதான் எழுதுவேன். நாலு கேட்டும் உனக்காக நிக்குது யாதம்மா."

அவள் போனைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்க வராது. "எங்கே காட்டு," என்றாள். அந்த வெறும் இடத்தின் மேல் என் விரலை வைத்துக் காட்டினேன். மழைத்துளி விழுந்தது, முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"எனக்காகவா? ஏரி நிக்குதா?"

"ஹவ்."

எழுந்தாள் மச்சான்! உள்ளே போய்ப் புருஷன் படத்தைக் கழற்றிப் பையில் வைத்தாள், கோழியைக் கக்கத்தில் இடுக்கினாள், கதவைப் பூட்டினாள், பூட்டை இழுத்துப் பார்த்தாள். அந்த அவசரத்திலும் இழுத்துப் பார்த்தாள்! பள்ளிக்கூடத்துப் படியில் அவள் கால் வைத்த பிறகுதான் நான் போனில் எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினேன். சரோஜா குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் குதித்தாள்.

"இன்னாய்யா இது, சீக்கிரம் எழுது! ஏரியே காத்துக்கினு கிடக்குது!"

"இரு. எழுத்து கோணிடக் கூடாது."

"போன்ல எழுத்து எப்படிய்யா கோணும்!"

'காலி' என்று எழுதி அனுப்பினேன். அடுத்த நிமிடமே செய்தி வந்தது: கேட் தூக்குகிறோம்.

மாடியிலிருந்து பார்த்தோம். பழுப்புத் தண்ணீர் தெருவுக்குள் நுழைந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டி, யாரும் இல்லாமல் திரும்பிய மாதிரி இருந்தது. எங்கள் கூடத்தில் முழங்கால் அளவு. அரிசி டிரம் மிதந்தது, அவ்வளவுதான். மாடியில் ஜனங்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கிச்சடி போட்டார்கள். யாதம்மா தட்டை எடுத்துக்கொண்டு சரோஜாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அன்னிக்கும் உன் மச்சான் போன் பண்ணியிருப்பான்யா. கேட்டவன்தான் எழுதாம விட்டுட்டான்."

சரோஜா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து யாதம்மாவின் தட்டில் வைத்தாள்.

கேட்டாயா மச்சான்? நீ இருந்த காலத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள். கூடப் பிறந்தவன் போல இருந்த நான் சந்தேகப்பட்டேன், புருஷனைப் பறிகொடுத்தவள் நம்பிவிட்டாள். அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கேட்டது வாயால். எடுத்துக்கொள்வது எழுத்தால்.

வருகிற செவ்வாய்க்கிழமை தெருவுக்கு ஒருவராக எங்களைக் கண்ட்ரோல் ரூமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஒரே மேஜையைக் கண்ணால் பார்க்கப் போகிறேன். யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்று ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்து வந்து, அதே வாரம் உனக்கு எழுதுவேன். சத்தியம். அதற்குள் ஹேமா இன்னும் கொஞ்சம் அகலமாகக் கோடு போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது சாயங்காலம் ஆகிவிட்டது, கை ஓய்ந்துவிட்டது. ஆனால் உன் நோட்டில் எழுதாமல் விட்டுப்போன ஒரு வரி இருக்கிறது. அதை எழுதிவிட்டுத்தான் பேனாவை மூடுவேன். வரி மேலே ஏறாமல் இருக்க ஸ்கேல் வைத்து எழுதுகிறேன்:

லஷ்கர் தேவராஜ் கேட் தூக்கும் முன் போன் செய்தார். கரையில் உள்ளவர்களுக்குச் சொல்லச் சொன்னார்.

எழுதியவன்,
உன் தங்கையைக் கட்டியவன்,
உன் மாப்பிள்ளை கோவிந்தன்