வெட்டுப்பட்ட நான்கு நிமிடம்

12.2.96, திங்கள்

மூன்றாவது அத்தியாயம் முடிந்தது. நாற்பத்தொரு பக்கம், கன்னடத்தில். வழிகாட்டி கேசவமூர்த்தி சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மகேஸ்வரி, இதை இதுவரை யாரும் கவனிக்கவில்லையே" என்றார். லேசில் யாரையும் மெச்சுகிறவர் அல்ல அவர். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தலைக்கனம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

ஒரு கன்னட நாவலையும் அதை வைத்து எடுத்த படத்தையும் ஒப்பிடுவதுதான் என் ஆராய்ச்சி. நான் கவனித்தது இதுதான். நாவலில் தாயம்மா புருஷனைப் புதைத்துவிட்டு வந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் படும் பாடு ஒன்பது பக்கம். படத்தில் அது இல்லவே இல்லை. குழியில் மண் விழுகிறது, அடுத்த நொடி அவள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது பக்கத்தை ஒரே வெட்டில் தாண்டிய டைரக்டரின் துணிச்சல்! என் எம்.ஃபில்.லுக்கே அதுதான் உயிர்.

சும்மா சொல்லவில்லை, ஏழு தடவை பார்த்தேன். அண்ணன் உதயகுமார் இங்கே மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர். படம் ஓடிய மூன்று வாரமும் என்னை டிக்கெட் இல்லாமல் உட்கார வைத்தான்.

20.2.96

"எழுதுனது போதும், போய்த் தண்ணி புடி" என்கிறாள் அம்மா. ஆராய்ச்சியாளருக்கு இந்த வீட்டில் இவ்வளவுதான் மரியாதை.

3.3.96, ஞாயிறு

காலையில் அண்ணன் சாப்பிடும்போது அந்த அத்தியாயத்தை நாங்கள் வீட்டில் பேசும் தமிழில் சொல்லிக் காட்டினேன். பெருமைக்குத்தான், வேறென்ன. துணிச்சலான வெட்டு என்று வந்ததும் அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"பூட்டுற சீனா? அது படத்துல இருக்குது புள்ள. நாந்தான் வெட்டுனேன்."

சாயங்கால ஆட்டம் ஒன்பதுக்குள் விடாவிட்டால் கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும். ஜனம் முடிவைப் பார்க்காமலே எழுந்து ஓடும். நாலு நிமிடம் குறைக்கச் சொன்னாராம் மேனேஜர். முதல் நாளே வெட்டி எடுத்து வைத்து, படப்பெட்டி திரும்பிப் போகிற அன்று மறுபடி ஒட்டி அனுப்பிவிட்டான்.

ஏழு தடவ பாத்தேனே — ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? அவன்கிட்ட நான் கேட்டேனா? கேக்கலை. பெரிய ஆராய்ச்சிக்காரி.

4.3.96

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஏப்ரல் முப்பது கெடு. வேறு அத்தியாயம் எழுத நேரம் ஏது? சொன்னாலோ, அண்ணன் வேலைக்கு ஏதாவது வந்துவிட்டால்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். பிறகு யார் பாராட்டினாலும் அது எனக்கு ஒட்டாது. எனக்குப் பாராட்டு பிடிக்கும். அது என்னுடையதாக இருக்க வேண்டும்.

5.3.96

அண்ணனிடம் கேட்டேன், ஏன் அந்த இடத்தில் வெட்டினாய் என்று.

"மண்ணு விழறப்பவே எல்லாரும் அழுதாங்க. அப்பறமும் இழுத்தா அழுகை ஆறிப்போயிரும். அழுகையோட பஸ்ல ஏத்தி உட்டுட்டேன்."

இப்படி ஒரு விளக்கத்தை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

10.3.96, ஞாயிறு

மண்டியாவில் இந்த வாரம் அதே படம் என்று அண்ணன் விசாரித்துச் சொன்னான். காலைக் காட்சிக்குப் போனேன். அந்த நாலு நிமிடத்தைப் பார்த்தேன். தாயம்மா பூட்டுகிறாள். திறக்கிறாள். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிறாள். மறுபடி பூட்டுகிறாள். பேச்சே இல்லை. நாவலில் அவ்வளவு நேரம் புலம்புகிறவள்! நான் அழுதுவிட்டேன்.

டைரக்டர் செய்தது சரி. அண்ணன் செய்ததும் தப்பில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

12.3.96

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்படியென்றால் அத்தியாயம் போயிற்றே" என்றார். "போகவில்லை சார், வளர்ந்திருக்கிறது. நாவலாசிரியரின் தீர்மானம் ஒன்று, டைரக்டரின் தீர்மானம் ஒன்று, ஆபரேட்டரின் தீர்மானம் ஒன்று. மைசூர் பார்த்தது மூன்றாவதைத்தான்" என்றேன். "ஆதாரம்? பெயர் வேண்டுமே" என்றார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பெயர் போடாமல் எழுதிவிடுகிறேன் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன், திருடுனவனா நானு? என் பேரப் போடு."

"மேனேஜர் கேட்டா?"

"அவரு இதெல்லாம் படிக்கறவராக்கும்! கேட்டா, நீங்க சொன்னதத்தான செஞ்சேன்னு சொல்லிக்கறேன்."

29.4.96, திங்கள்

ஒரு நாள் முன்னதாகவே கொடுத்துவிட்டேன். நூற்று முப்பத்தெட்டு பக்கம். பதினேழாம் அடிக்குறிப்பு: கே. உதயகுமார், திரைப்பட ஆபரேட்டர், நேர்காணல். கன்னடப் பள்ளியில் எட்டாம் வகுப்போடு நின்றவன் பெயர் பேராசிரியர்கள் பெயர்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பிரதியை அவனிடம் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு எடுத்து வைத்துக்கொண்டான்.

18.7.96, வியாழன்

வாய்மொழித் தேர்வு. தார்வாடிலிருந்து தேர்வாளராக வந்த அம்மையார் பதினோரு கேள்வி கேட்டார். அதில் ஆறு பதினேழாம் அடிக்குறிப்பைப் பற்றி. கடைசியில், "இந்த வேலையை இன்னும் நான்கு தியேட்டரில் செய்யுங்கள், பிஎச்.டி. ஆகும்" என்றார். கேசவமூர்த்தி சார் தானே எழுதியதைப் போல உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு வராந்தாவில் நின்றிருந்தான். அம்மையார் வெளியே வந்து அவனுக்குக் கை கொடுத்தார். வெட்கத்தில் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வரும் வழியில் சொன்னான். "நல்லாத்தான் எழுதியிருக்கற. கடைசி ரெண்டு பக்கத்த மட்டும் எடுத்திருக்கலாம். சொன்னதையே சொல்ற புள்ள."

வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான்.

எப்போது படித்தாய் என்று கேட்டேன். தினமும் மேட்டினிக்கும் சாயங்கால ஆட்டத்துக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தானாம். முடிக்க ஒன்றரை மாதம் ஆயிற்றாம்.