அவர் வாயில் நின்ற பெயர்

சேசு மரி சூசை

வில்லியனூர்,
பிப்ரவரி 1977

அன்புள்ள இன்பமேரி அண்ணிக்கு,

எலிசா தோத்திரம் சொல்லி எழுதுவது. பிரான்சில் நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார். தந்தியைப் பார்த்துப் பதறியிருப்பீர்கள் என்று அதை முதலில் எழுதிவிட்டேன்.

மில்லுக்கு லீவு போட்டுக் கடலைக்கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. காற்று சேஷ்டை, புறா ரத்தம் தடவு என்றார்கள் ஊரில். நான் யாரையும் நம்பாமல் காரில் போட்டுப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கேயும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. விழுந்திருப்பது வலது கையும் காலும். டாக்டரோ மூளையில் இடது பக்கம் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்கிறார். இது என்ன கணக்கு என்று கேட்டேன். உடம்பு அப்படித்தான் குறுக்கே இணைந்திருக்கிறதாம். தாகத்தில் நாக்கை நீட்டுகிறவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க விடவில்லை. பட்டினி போட்டே கொல்லப் பார்க்கிறார்களோ என்று நினைத்தேன். விழுங்க முடியாத தொண்டையில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்ச் சுரம் கண்டுவிடும் என்று சொல்லி, நர்ஸம்மா மூக்கில் குழாய் விட்டுக் கஞ்சித் தண்ணீர் செலுத்தினார். முதுகு புண்ணாகாமல் இருக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் படுக்க வைத்தார்கள். கூடவே இருந்து பார்த்த பிறகுதான் அவர்களை நம்பினேன்.

நம்ப முடியாதது வேறொன்று. அவருக்குப் பேச்சு முழுக்கப் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் தெளிவாக வருகிறது. அம்சவள்ளி.

நம் சொந்தத்தில் அப்படி ஒருத்தி இல்லை. உயிர் போகுமுன் மந்திரித்த எண்ணெய் தொட்டு அவஸ்தை பூச வந்த பங்குச் சாமியார் காதருகே குனிந்து, பாவங்களுக்காக மனஸ்தாபப்படுகிறாயா என்று கேட்டபோதும் அம்சவள்ளி என்றுதான் சொன்னார். சாமியார் காதில் விழாதவர் போலப் பாவமன்னிப்புக் கொடுத்தார். வராந்தாவில் அவரை மறித்து, சாமி, இவர் பாவசங்கீர்த்தனத்தில் எப்போதாவது இந்தப் பேரைச் சொன்னதுண்டா என்று கேட்டேன். கேட்கக் கூடாததுதான். “இன்னாம்மா எலிசா, எங்கிட்ட கேக்கற கேள்வியா இது” என்று முகம் சிவந்து போய்விட்டார். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

மில்லில் கூட வேலை செய்யும் நடேசன் பார்க்க வந்தார். அவரிடமும் விசாரித்தேன். “அந்தப் பேருல அங்க யாரும் இல்லக்கா, சத்தியமா” என்றார். நான் கேட்காமலே எதற்குச் சத்தியம்?

டாக்டர் சிரிக்கிறார். கிராமபோன் தட்டில் முள் மாட்டிக்கொண்ட மாதிரி, இந்த நோயில் ஏதோ ஒரு சொல் தங்கிவிடுமாம். மனதில் இருப்பதுதான் தங்கும் என்றில்லையாம். தண்ணீருக்கும் அம்சவள்ளி, வலிக்கும் அம்சவள்ளி, அந்த மீசைக்கார டாக்டருக்கும் அம்சவள்ளி. அது வாஸ்தவம். ஆனாலும் ஆம்பளையை ஆம்பளை விட்டுக்கொடுப்பாரா?

இப்போது குழாயை எடுத்துவிட்டார்கள். நிமிர்த்தி உட்காரவைத்துக் கெட்டிக் கஞ்சி ஊட்டுகிறேன். கால் கைக்குப் பயிற்சி நடக்கிறது. சாமான்களைக் காட்டிப் பெயர் சொல்லிப் பழக்கினால் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பலாம் என்கிறார் நர்ஸம்மா. தம்ளரைக் காட்டித் தம்ளர் என்கிறேன். சீப்பைக் காட்டிச் சீப்பு என்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோது என்னைத் தொட்டுக் காட்டி எலிசா என்கிறேன்.

என் வாயையே பார்க்கிறார். வருவது அம்சவள்ளிதான். தப்பு என்று அவருக்கே தெரிந்துவிடுகிறது. இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். அந்த அழுகை எனக்கா அவளுக்கா, தெரியவில்லை. எனக்கு வயிறு எரிகிறது அண்ணி. வாயைத் துடைத்துவிட்டு மறுபடியும் எலிசா என்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘இந்தாமே’ என்பார், நான் திரும்பிப் பார்ப்பேன். நம் பக்கத்து ஆண்கள் எல்லாரும் அப்படித்தானே. ஒருநாளும் வாயில் இல்லாத பெயர் இப்போது மட்டும் எங்கிருந்து வரும்?

உங்கள் கையில் வளர்ந்தவர். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவள் யாரென்று எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தத் தாளை எடுத்தேன். இப்போது வேண்டாம். முதலில் என் பெயர் அவர் வாயில் வரட்டும். பிறகு எதுவானாலும் எழுதுங்கள், தாங்கிக்கொள்கிறேன். அதுவரைக்கும் அங்கே கோயிலில் அவருக்காக வேண்டும்போது, என் பெயரையும் சேர்த்துக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
எலிசா