பலாமரத்துப் பெட்டியில் மூன்று குஞ்சுகள்

மாமா,

இன்று காலை பின்கதவைத் திறந்ததும் பழுத்த சக்கையின் மணம் முகத்தில் அடித்தது. ராத்திரி மழையில் ஒரு பலாப்பழம் விழுந்து உடைந்து கிடந்தது. அணில்கள் எனக்கு முன்பே எழுந்து வேலையைத் தொடங்கியிருந்தன. துடைப்பத்தோடு போன நான் பெருக்காமல் அந்தப் பலாவின் அடியிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் போன பிறகு அது காய்த்த முதல் பருவம் இது.

என் கணவர், உங்கள் மகன், இறந்த பிறகு இந்த வீட்டில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். இங்கே கரமனையில் எல்லாரும் நான் என் ஊரான அம்பாசமுத்திரத்துக்கே திரும்பிவிடுவேன் என்று நினைத்தார்கள். நான் போகவில்லை. பழவங்காடியில் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். நமக்குள் பேச்சு என்று பெரிதாக இல்லை. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்" என்பேன். "வாசல் பூட்டியாச்சா?" என்பீர்கள். அவர் பெயரைச் சொன்னால் மற்றவர் உடைந்துவிடுவாரோ என்று இருவருமே பயந்துகொண்டிருந்தோம்.

அப்போதுதான் நீங்கள் பறவைகள் கூடு கட்ட அந்தப் பெட்டியைச் செய்தீர்கள். உடைந்த சமையலறை அலமாரியின் பலகை. முந்தின வருஷம் ஒரு குண்டுகரிச்சான் ஜோடி தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் கூடு கட்டி முட்டைகள் விழுந்து உடைந்ததைப் பார்த்திருந்தீர்களாம். பலாமரத்தில் ஏணி சாய்த்து அதை அடித்து மாட்டியபோது, வயதான மனிதருக்கு ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் பின்வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டீர்கள். "இங்க வா மக்களே. சத்தம் போடாம வா." பல மாதங்களுக்குப் பிறகு உங்கள் குரலில் ஒரு அவசரம். சாம்பல் நிறப் பறவை ஒன்று வாயில் காய்ந்த வேரோடு பெட்டியின் ஓட்டைக்குள் தலையை விட்டு விட்டுப் பார்த்தது. "அது பெண்ணாக்கும். ஆணு நல்ல கறுப்பும் வெள்ளையும். அங்க கம்பில இருக்கான் பாரு, நம்மள வேவு பாக்குதான்."

அன்றிலிருந்து பின்புறம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. நான் வேலை முடிந்து வந்ததும் டீயோடு உட்காருவோம். முதலில் பறவையைப் பற்றி மட்டும் பேசினோம். ஒரு நாள் ஆண்பறவை பாடும்போது நீங்கள் சிரித்தீர்கள். "நம்ம பய சின்னதுல இது மாதிரி சீட்டியடிப்பான். பறவைக்குத் தேஷ்யம் வந்து சண்டைக்கு வரும். இவன் விடமாட்டான். அம்ம அடிக்க வந்தாத்தான் நிறுத்துவான்." எனக்குத் தெரியாத ஒரு சிறுவனாக அவர் அன்று என் முன்னால் வந்து நின்றார். நான் அழவில்லை. "அப்புறம்?" என்று கேட்டேன். நீங்களும் சொல்லிக்கொண்டே போனீர்கள்.

குஞ்சுகள் மூன்று. இறகு முளைக்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு காலையில் செம்பருத்தி வேலியோரம் தாய்ப்பறவையின் சாம்பல் இறகுகள் சிதறிக் கிடந்ததைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பூனை. உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துத் திரும்பினால், நீங்கள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். பெட்டிக்குள் குஞ்சுகள் கத்தின.

"இனி அதுக?" என்றேன்.

"தெரியல்ல" என்றீர்கள்.

மிருக ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். குஞ்சுகளை வெளியே எடுக்காதீர்கள், தகப்பன் தீனி கொடுக்கக்கூடும், நனையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். உங்கள் பழைய மழைக்கோட்டை வெட்டி, நீங்கள் ஏணியைப் பிடிக்க, நான் ஏறிப் பெட்டியின் மேல் கட்டினேன். ஆண்பறவை என் தலையில் இரண்டு கொத்து கொத்தியது. "கொத்தட்டும், கொத்தட்டும். உசிரோட இருக்கான்" என்றீர்கள் கீழேயிருந்து.

அவன் பாடுவதை நிறுத்திவிட்டான். பாட நேரம் ஏது? புழு, பூச்சி, சின்னப் பல்லி என்று வாயில் எதையாவது கவ்வியபடி விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பறந்தான். ஒரு குஞ்சு தாக்குப்பிடிக்கவில்லை. நீங்கள்தான் அதை எடுத்துத் தென்னைக்கடியில் புதைத்தீர்கள். அன்று டீ அப்படியே ஆறிப்போனது.

அந்த வாரத்தில்தான் என் அண்ணன் ஊரிலிருந்து வந்தான். "மாமா, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. சின்ன வயசு. இனியும் இவ இங்க இருந்து என்ன செய்யப் போறா? நான் கூட்டிட்டுப் போயிருதேன்."

நீங்கள் தரையைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "அவகிட்டயாக்கும் கேக்கணும். நான் புடிச்சு வைக்கவும் இல்ல, போன்னு சொல்லவும் மாட்டேன்."

இருவரும் என்னைப் பார்த்தீர்கள். "இந்தக் குஞ்சுக பறக்கட்டும். அப்புறம் சொல்லுதேன்" என்றேன். அண்ணனுக்குக் கோபம். பறவைக்காக எவளாவது வாழ்க்கையைத் தள்ளிப்போடுவாளா என்றான். ஆனால் மறுநாள் காலையில் பின்பக்கம் பெரிய சத்தம் கேட்டு ஓடினால், அவன்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காக்கையை விரட்டிக்கொண்டிருந்தான். ஊருக்குப் போகும்போது, "பறந்ததும் போன் பண்ணு" என்று மட்டும் சொன்னான்.

பறந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. குஞ்சு ஒன்று ஓட்டை விளிம்பில் வந்து உட்கார்ந்தது. தகப்பன் புழுவோடு எதிர்க்கிளையில் நின்று கூப்பிட்டான், அருகே வரவில்லை. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது உங்களுக்கே தெரியவில்லை. அது விழுவது போலப் பறந்து எப்படியோ கிளையைப் பற்றியது. கொஞ்ச நேரத்தில் அடுத்ததும். "போயாச்சு" என்றீர்கள். கண்ணைத் துடைக்கக் கூட இல்லை.

"மாமா, நான் இங்கயேதான் இருக்கப் போறேன்."

"எனக்காகவா?"

"இல்ல. வேலை இருக்கு. இந்த வீடு பிடிச்சிருக்கு. நீங்களும் இருக்கீங்க."

கொஞ்சம் யோசித்தீர்கள். "அப்ப சரி. எனக்காகன்னா வேண்டாம்" என்றீர்கள்.

அன்று சாயங்காலம் அந்தத் தகப்பன் பக்கத்து வீட்டு மொட்டைமாடிக் கம்பியில் உட்கார்ந்து மறுபடியும் பாடினான். நாம் டீயை மறந்து கேட்டோம்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம்! அரிசிக்கும் அரசியலுக்கும் சண்டை போட்டோம். எனக்கு இரண்டு வரன் கொண்டுவந்தீர்கள். நான் வேண்டாமென்றதும் மூன்றாவதைக் கொண்டுவரவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைக் காட்டி, மகளா மருமகளா என்று மலையாளத்தில் கேட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நீங்கள் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. "வீட்டாளாக்கும்" என்றீர்கள். அவளுக்குப் போதவில்லை, மறுபடி கேட்டாள். "எங்க வீட்டு ஆளு. எனக்கு வேற ஆளில்ல" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

இப்போது கேட்டைத் தட்டி, இங்கே யார் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் உங்கள் மகனின் மனைவி என்றோ உங்கள் மருமகள் என்றோ விளக்குவதில்லை. கதவை முழுக்கத் திறந்து, "நான் இந்த வீட்டு ஆள்" என்கிறேன். அவர்களுக்கும் அது போதுமானதாக இருக்கிறது, மாமா.