இறங்கிய சர்க்கரை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். அதனால் தம்பியின் செல்லுக்கு எழுதுகிறேன்; அவன் வாசித்துக் காட்டட்டும்.

ஆய்வகத்தில் எலிகளுக்குக் கிருமியின் நஞ்சை ஊசியில் ஏற்றுவது என் வேலை. முதலில் ரத்தத்தில் சர்க்கரை எகிறும். பிறகு கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையையெல்லாம் கொட்டித் தீர்த்து, புதிதாகச் செய்ய முடியாமல் கையை விரித்துவிடும். சர்க்கரை மளமளவென்று இறங்கும். நேற்று என் செல்ல எலி குண்டனுக்கு அப்படி இறங்கியது. தொட்டால் ஜில்லென்று கிடந்தான். "சூப்பர்மா, நினைச்ச மாதிரியே இறங்கிடுச்சு!" என்று மேலதிகாரி எல்லோருக்கும் கேக் கொடுத்தார். நானும் தின்றேன்.

அறைக்கு வந்தால் அம்மாவின் குரல்பதிவு: "அப்பாவுக்குக் கால் புண்ணுல சீழ், காய்ச்சல் வேற. ஆனா சர்க்கரை தானா இறங்கிடுச்சுடி! சந்தோஷத்துல தெருவுக்கே ஸ்வீட் குடுக்கிறார்."

அப்பா, சட்டையை மாட்டிக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். குளிரும், என் போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறியதும் என்னைத் திட்டியாவது நாலு வார்த்தை பேசி அனுப்புங்கள். உங்களிடமிருந்து இனிப்பு டப்பாவை ஒளித்து வைத்தவளே சொல்கிறேன்: மிச்சத்தை ஊருக்குக் கொடுக்காமல், வழியெல்லாம் நீங்களே தின்னுங்கள்.

தம்பி, வாசித்தது போதும். ஓடிப்போய் வண்டியைக் கூப்பிடு.