குடல் சொல்லியும் கேட்காத மூளை

செல்லம்,

நீ போகக்கூடாதென்ற கடலுக்குத்தான் போகிறேன். பிபி எனக்குத்தானே, படகுக்கு இல்லையே.

சாப்பிட்டதும் குடலில் ஊறும் ஹார்மோன் மூளைக்குச் சேதி சொல்லி ரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்றாரே டாக்டரம்மா, அதை நம்பித்தான் நேற்று பிபி பார்க்கப் போகுமுன் மூன்று தட்டுச் சோறு அடித்தேன். நூற்றெழுபது காட்டியது. தொப்பைக்காரன் மூளைக்கு அந்தச் சேதி சரியாக ஏறாதாம். உன் பேச்சே ஏறாத மூளை, குடல் பேச்சையா கேட்கும்?

மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். மாத்திரை போட்டாச்சு. உன் உப்பில்லாக் கஞ்சி தூக்குவாளியில் என்கூட வருகிறது, உன் தம்பி கலைவாணனும் வருகிறான்.

ஐயனார்

பி.கு.: நேற்றுச் சண்டையிலிருந்து நீ பட்டினி. அடுப்பில் சோறு இருக்கிறது, சாப்பிடு. மதியம் கரையில் நின்று என்னைத் தெம்பாகத் திட்டவேண்டும். திட்ட ஆளில்லாத கரைக்கு நான் எதற்குத் திரும்பணும்?