மேல்வீட்டுச் சாரா

பெப்ரவரி 21, 2025, வெள்ளி. ஃபஹாஹீல், குவைத்

குளியலறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டே தயாபரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனுசன் லீவு நாளிலும் ஃபோனுக்குள்ளே கிடக்கிறார், பெண்சாதிக்கு ஒரு வாளி தூக்கித் தர ஏலாது. எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பக்கத்துச் சின்ன ஜன்னலால், மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து ஒரு பெண்குரல்.

"அக்கா, நீங்க தமிழா?"

வெட்கமாய்ப் போய்விட்டது. திட்டு முழுவதும் கேட்டிருக்கும்.

பெப்ரவரி 24

பெயர் தர்மிகா. ஹட்டன் பக்கம், தோட்டத்துப் பிள்ளை. மேல்வீட்டில் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்கு அனுப்புகிறார்கள் இல்லை. பாஸ்போர்ட் வீட்டுக்கார மேடத்திடம். ஃபோனையும் பறித்துவிட்டார்களாம். துணி தோய்க்கிற நேரம் மட்டும்தான் கதைக்க வழி. நான் ஃபேனை நிறுத்தினால் நான் நிற்கிறேன் என்று அர்த்தம்.

"எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிருங்கக்கா, உசுரோட இருக்கேன்னு."

நம்பரைச் சொன்னாள், எடுத்தேன். அந்த மனுசி அழவில்லை. "எம்புள்ள சாப்பிடுதா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டா.

மார்ச் 2

நோன்பு தொடங்கிவிட்டது. தயாபரனிடம் சொன்னேன். "உமக்கேன் தேவையில்லாத வேலை? எங்கட விசாவில கை வச்சால்?" பிறகு, "தோட்டத்துப் பிள்ளையள் இதுக்கெண்டுதானே வாறவை" எண்டார். இதுக்கெண்டால் எதுக்கு? பூட்டி வைக்கவோ? சாப்பாட்டை அவரே போட்டுச் சாப்பிட்டார்.

மார்ச் 7

ஒரு யோசனை. நோன்பு திறக்கிற நேரம் இந்தக் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு போகும். நானும் வடை சுட்டுக்கொண்டு மேலே போனால்? மேடத்தோடு பழகி, மெல்ல அவளின் பயணக் கதையை எடுக்கலாம். இங்கே இவ்வளவு காலம் இருந்த எனக்குக் கதைக்கத் தெரியாதா? தர்மிகாவிடம் சொல்லவில்லை. என்னைக் கண்டு திகைக்கட்டும்.

மார்ச் 8

ஐயோ.

மார்ச் 9

எழுதத்தான் வேணும்.

நேற்று மேடம் நல்ல முகத்தோடதான் கதவைத் திறந்தா. தட்டை வாங்கினா. பின்னால ஒரு மெலிஞ்ச பிள்ளை கிளாஸ் அடுக்கிக்கொண்டு நிண்டது. குரலை மட்டும் தெரிஞ்ச எனக்கு அப்பதான் முகம் தெரிஞ்சது. சந்தோசத்தில வாய் முந்தீட்டுது. எனக்குத் தெரிஞ்ச அரபியில, "தர்மிகா நல்ல பிள்ளை" எண்டன்.

"தர்மிகாவா? யார் அது?" எண்டா மேடம். "இவள் சாரா."

வேலைக்கு வாறவைக்குத் தங்கட வாய்க்கு வசதியா ஒரு பெயர் வைக்கிற வீடுகள் இஞ்ச இருக்குத்தானே. தெரிஞ்சும் மறந்தன். அவளின்ர சொந்தப் பெயர் என்ர வாயில வந்தால், அவள் என்னோட கதைச்சிருக்கிறாள் எண்டுதானே அர்த்தம். மேடத்தின்ர சிரிப்பு நிண்டுபோச்சு. அவள் கண்ணை மூடினாள்.

இண்டைக்குக் காலமை மேல டேப் இழுக்கிற சத்தம். ஜன்னலை ஒட்டுகினம்.

மார்ச் 15

ஃபேனை நிறுத்திவிட்டு நிற்கிறேன். ஒன்றுமில்லை.

மார்ச் 19

வோச்மேன் மூசாவைக் கேட்டேன். எகிப்துக்காரர், யார் போனது வந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். "சாரா கலாஸ்" என்றார், அவள் கதை முடிந்தது என்று. கூட்டிவந்த ஏஜென்சிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அவர்கள் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த ஏஜென்சி? கையை விரித்தார்.

மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை.

இலங்கைத் தூதரகத்துக்கு ஃபோன் எடுத்தேன். ஏஜென்சி எது, பாஸ்போர்ட் நம்பர் என்ன என்றார்கள். எனக்கு அவளுடைய பெயர் மட்டும்தான் தெரியும். ஏதோ சாட்டுச் சொல்லி அம்மாவிடம் கேட்டேன், அவவுக்கும் தெரியாது.

மார்ச் 28, வெள்ளி

ஹட்டனிலிருந்து அம்மா எடுத்தா. "எம்புள்ள சாப்பிடுதா தங்கச்சி?"

ஓம் எண்டன்.

ஃபேன் நிண்டால் "அக்கா" எண்டு கேக்குது. ஓடினாலும் கேக்குது. தயாபரன் இப்ப குளிச்சு முடிஞ்சதும் தானே அதை நிப்பாட்டிவிடுறார்.

மார்ச் 31

பெருநாள் இரண்டாம் நாள். மணி அடித்தது. என்னுடைய தட்டு திரும்பி வந்திருந்தது, பேரீச்சம்பழ பிஸ்கட் நிறைய. கொண்டுவந்தது ஒரு புதுப் பிள்ளை, ஆந்திராப் பக்கம். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் பெயர் கேட்டேன்.

"சாரா, மேடம்."

தட்டை அங்கால வச்சிட்டு, உன்னைக் கூட்டிவந்த ஏஜென்சி எது எண்டு கேட்டன். சொன்னது. முதல் இருந்த பிள்ளைக்குப் பதிலாக அவைதான் இவளைக் குடுத்தவையாம். நாளைக்குக் காலமை தூதரகத்துக்கு நேர போறன். தயாபரன் காரைத் தானே எடுக்கிறன் எண்டார்.

மேல்வீட்டுக் குளியலறை ஜன்னல் டேப்பை ஒரு மூலையில உரிச்சு வைக்கச் சொல்லி அந்தப் பிள்ளையிட்டச் சொன்னன். பிறகு மெதுவாக் கேட்டன்: உன்ர அம்மா உன்னை என்னெண்டு கூப்பிடுறவா?

பிள்ளை படிக்கட்டை ஒருக்கா நிமிர்ந்து பார்த்தது. பிறகு சொன்னது.

அந்தப் பெயரை நான் இதிலயும் எழுத மாட்டன்.