காதைத் தொட்ட கை

மானாமதி,
வியாழக்கிழமை.

என் பேத்தி ஹரிப்ரியாவுக்கு ஆயா சம்பூர்ணம் எழுதுவது.

வீட்டில் எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. மனசுதான் சரியில்லை, அதுவும் உன்னால். உங்கள் கோல்கீப்பர் பெண் ஜெனிஃபர் அவள் அண்ணன் கல்யாணத்துக்கு வந்தவள், நம் வீட்டுக்கு வந்து ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். கோவாவிலிருந்து பேத்தி முந்திரி அனுப்பியிருக்கிறாள் என்று ஆசையாகப் பிரித்தேன். உள்ளே உன் பூட்ஸ். இனி ஆட மாட்டேன், பரணில் போட்டுவிடச் சொல் என்றாயாம். பரணில் போட அது என்ன ஓட்டைக் குண்டானா?

போன் செய்தால் அப்புறம் பேசறேன் ஆயா என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் பதினேழு நாளாக வரவில்லை. அதனால்தான் கடிதம். அஞ்சாவது படித்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெனிஃபர் ரயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும்.

நீ சொல்லாததை எல்லாம் அவள் சொல்லிவிட்டாள். இருபது வயசுக்குக் கீழே இந்தியா டீமுக்கு ஆள் எடுக்கும் கேம்ப்பில் நாலு நாளும் நீதான் அதிக கோல் போட்டாயாம். அஞ்சாம் நாள் காகிதத்தைப் பார்த்தார்களாம். பிறப்புச் சான்றிதழில் மாசி மாதம். பத்தாவது மார்க் ஷீட்டிலும் ஆதாரிலும் அதற்கு முந்தின வருஷம் ஜூன் ஒண்ணு. ஜூன் ஒண்ணு என்றால் உனக்கு வயசு தாண்டிவிட்டது. வயசைக் குறைக்கச் சான்றிதழ் வாங்கி வந்தவள் என்று எல்லார் எதிரிலும் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். நீ கிளம்புவதற்கு முன்னால் சாப்பாட்டு வரிசையில் ஒருத்தி, பெரியவங்க முதல்ல போங்க அக்கா என்றாளாம். அவளை என்னிடம் ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொல்.

சான்றிதழ் பொய் இல்லை கண்ணு. மார்க் ஷீட்தான் பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான்.

உங்கம்மா அப்போது மறைமலை நகர் கம்பெனிக்கு ஷிப்ட் போய்க்கொண்டிருந்தாள். நீ என்னோடுதான் இருந்தாய். நாலு வயசில் நூறு வரைக்கும் சொல்வாய். பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பாய். இந்தப் பிள்ளையை இன்னொரு வருஷம் பால்வாடியில் தூங்கவைப்பதா என்று இருந்தது. என்னை அஞ்சாவதோடு நிறுத்தி நாற்று நட அனுப்பினார்கள். என் பேத்தி எல்லாருக்கும் ஒரு வருஷம் முன்னால் போகட்டும் என்று ஒரு கர்வம், வேறொன்றும் இல்லை.

ஹெட்மாஸ்டர் அப்பாசாமி சார் அந்தக் காலத்து ஆள். காகிதம் கேட்க மாட்டார். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் அஞ்சு வயசு. உனக்கு ஒரு நெல் அளவு எட்டவில்லை. ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பழக்கினேன், யாருக்கும் தெரியாமல் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள் என்று. நீ சாய்த்தாய். எட்டியது. அவர் ஜூன் ஒண்ணு என்று எழுதினார். எல்லாப் பிள்ளைக்கும் அவருக்கு ஜூன் ஒண்ணுதான். அந்தத் தேதியில் நீ உங்கம்மா வயிற்றில்கூடச் சரியாக வந்திருக்க மாட்டாய்.

நீ பிறந்தது மாசி மகத்தன்று. மாமல்லபுரத்துக் கடலில் ஜனம் முழுகிக்கொண்டிருந்தபோது நான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். வருஷா வருஷம் நட்சத்திரம் பார்த்துத்தான் உனக்குப் பாயசம் வைத்தோம். காகிதத்தில் என்ன தேதி இருக்கிறது என்று நம் வீட்டில் யார் பார்த்தார்கள்?

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. செங்கல்பட்டில் ரயில் ஏறி ஊரப்பாக்கத்துக்குப் போய் அப்பாசாமி சாரைப் பார்த்தேன். எண்பது வயசாகிறது. உன்னை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். இன்னாமா, அன்னைக்குக் காது எட்டுச்சே என்றார். எட்டல சார், நான்தான் தலையைச் சாய்க்கச் சொன்னேன் என்றேன். முதலில் சிரித்தார். விஷயம் முழுக்கக் கேட்டதும் சிரிப்பு நின்றுபோனது. நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தத் தாளோடு நான் பட்ட பாடு. கல்வி ஆபீஸில் பள்ளிக்கூடத்துக்குப் போ என்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் ஆபீஸுக்குப் போ என்கிறார்கள். ஒரு மேசையில் சாப்பாட்டு நேரம், அடுத்த மேசையில் ஆளே இல்லை. நாலாம் நாள் ஒரு கிளார்க் பெண்தான் என்னை உட்காரவைத்து உள்ளதைச் சொன்னாள். பத்தாவது மார்க் ஷீட் வந்த பிறகு கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமாம். வருஷம் ஒன்றோ இரண்டோ ஆகுமாம். வயசைக் கூட்டிச் சொல்லி மாட்டிக்கினு வந்த ஆளை இப்பதான் பாக்கிறேன் பாட்டி என்றாள். வக்கீலைப் பார்த்து, பொய் சொன்னது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கைநாட்டு இல்லை, சம்பூர்ணம் என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டேன். உங்கப்பன் பார்த்திபனுக்கு இதில் வெட்கமாக இருக்கிறதாம்.

இருந்தாலும் தேதி மாறி வருவதற்குள் அந்த டீம் போய்விடும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. உன் இடத்தைப் போக்கினது நான். மனசாரத் திட்டு. ஆனால் என் மேல் காட்ட வேண்டியதைப் பந்து மேல் ஏன் காட்டுகிறாய்?

நாவலூர் கம்பெனி ஒன்றில் ஏசி ரூமில் வேலை இருக்கிறது, வந்து சேரட்டும் என்கிறான் உங்கப்பன். அந்த நாற்காலி எங்கேயும் ஓடிவிடாது. அறுத்த வயலில் பிஞ்ச பந்தை உதைத்த பெண், மாவட்டம், தமிழ்நாடு என்று போய், கோவா கிளப்பில் இந்த வருஷம் பதினோரு கோல். எல்லாவற்றையும் போனில் பார்த்திருக்கிறேன். இடது காலுக்குப் பந்து வந்ததும் ஒரு நொடி நிற்பாய். தடுக்க வந்தவள் தாண்டிப் போய்விடுவாள். அப்புறம்தான் அடிப்பாய். அந்த ஒரு நொடி நான் மூச்சு விடுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அதை எப்படிச் செய்வாய்?

பெரியவர்கள் ஆடும் இந்தியா டீமுக்கு வயசு கேட்பார்களா என்று ஜெனிஃபரைக் கேட்டேன். கேட்க மாட்டாங்க ஆயா, ஆட்டத்தைத்தான் பாப்பாங்க என்றாள். இதை வந்த அன்றே சொல்லியிருந்தால் நான் இரண்டு வேளை சோறாவது தின்றிருப்பேன்.

நேற்று திருவிடந்தை கோயிலுக்குப் போனேன். அங்கே போனால் கல்யாண வேண்டுதல்தான் என்று மாலை விற்கிறவர்கள் விடவில்லை. பொண்ணுக்கா பையனுக்கா என்று பின்னாலேயே வந்தார்கள். பேத்திக்கு அர்ச்சனை மட்டும் போதும் என்று உள்ளே போனேன். பட்டர் பேர் கேட்டார், ஹரிப்ரியா என்றேன். நட்சத்திரம் கேட்டார், மகம் என்றேன். வேறு ஏதாவது கேட்பாரோ என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான், மந்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பூட்ஸைக் கழுவிக் காயவைத்து, அறுந்த கயிற்றை மாற்றி இதோடு அனுப்பியிருக்கிறேன். பிரசாதத் துளசி வலது கால் பூட்ஸுக்குள் இருக்கிறது, எடுத்துவிட்டுப் போட்டுக்கொள். போட்டுக்கொண்டு ஒரு போன் செய். பேச வேண்டாம், என்னைத் திட்டிவிட்டு வை. போதும்.

உன் இரண்டு காலும் நன்றாக இருக்கட்டும்.

உன் ஆயா,
சம்பூர்ணம்.